மொட்டைச் சாமியாரும் விராலடிப்பானும்

நைட் டூட்டி முடிச்சுட்டு வந்தா மனுஷி தூங்கணும். நான் என்ன பண்ணேன்னா காப்பியை ஃபிளாஸ்க்ல ஊத்திக்கிட்டு, பாப்பாவை நைட் டிரஸ்ஸோட பின் சீட்ல போட்டுக்கிட்டு, டங்கார்வன் கடலோரத்துக்குப் போனேன். அயர்லாந்துல, வாட்டர்ஃபோர்டுல இருக்கற எங்க வீட்டுலருந்து முக்கால் மணி நேரம். செப்டம்பர் மாசம், ஞாயித்துக்கிழமை காலைல, அங்க ஒரு ஈ காக்கா கிடையாது, நாய் கூட்டிட்டு நடக்கற ஒரு அம்மா மட்டும்தான். தண்ணி வத்திக்கிட்டு இருந்துச்சு, சேறு தெரிய ஆரம்பிச்சுடுச்சு, நான் காரு பானெட்ல சாஞ்சுக்கிட்டு சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன்.

திடீர்னு கடல்காக்கா எல்லாம் ஒரே நேரத்துல கத்திக்கிட்டு மேல எழும்புச்சு. பாத்தா நடுவுல ஒருத்தர் வராரு. மேல காப்பிப்பொடி கலரு, கீழ வெள்ளை, இறக்கை நீட்டா இல்லாம முழங்கை மடிச்ச மாதிரி ஒரு வளைவு, கண்ணுலருந்து கழுத்து வரைக்கும் மை இழுத்து விட்ட மாதிரி கறுப்புக் கோடு. எனக்கு கை நடுங்கிடுச்சு. அந்தரத்துல நின்னு இறக்கையை அடிச்சுக்கிட்டே கீழ பாத்துச்சு, கொஞ்சம் இறங்குச்சு, மறுபடி நின்னுச்சு, அப்புறம் காலை முன்னாடி நீட்டிக்கிட்டு அப்படியே தொபுக்கடீர்னு விழுந்துச்சு. தண்ணி தெறிச்சு ஒரு ரெண்டு செகண்ட் இறக்கை மட்டும்தான் தெரிஞ்சுது. எழும்பி வந்தப்போ காலு காலி, ஒண்ணும் மாட்டல. நாய் குளிச்சுட்டு உதறுமே அந்த மாதிரி பறந்துக்கிட்டே உடம்பை ஒரு உதறு உதறிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி தெக்கால போயிடுச்சு.

பாப்பா பின் சீட்ல நல்லா தூங்கிட்டு இருந்தா. இன்னை வரைக்கும் எழுப்பலன்னு என் மேல கோவம்.

இந்தப் பறவையை இங்க ஆஸ்ப்ரேன்னு சொல்றாங்க, நம்ம தமிழ்ல பேரு விராலடிப்பான். என்ன பேரு பாருங்க! இது மட்டும் இல்ல, இங்க ஐரிஷ் மொழில இதுக்கு கோர்நியாக்னு ஒரு பேரு இருக்காம் (என் வாய்க்கு வந்த உச்சரிப்பு இது, ஐரிஷ்காரங்க கேட்டா சிரிப்பாங்க). பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் சொன்னாரு, அதுக்கு அர்த்தம் தலை மழிச்ச துறவின்னு. பழைய காலத்து மடத்துச் சாமியாருங்க உச்சந்தலையை மழிச்சிருப்பாங்கல்ல, இதோட வெள்ளைத் தலையைப் பாத்துட்டு அப்படி வெச்சுட்டாங்க போல. நாம அது செய்யற வேலையைப் பாத்து பேரு வெச்சிருக்கோம், இவங்க தலையைப் பாத்து வெச்சிருக்காங்க. எனக்கு நம்ம பேருதான் புடிச்சிருக்கு, அதுல ஒரு அடி விழற சத்தம் கேக்குது.

நான் பொன்னேரிக்காரி. பெரியப்பா வீடு பழவேற்காடு. சின்ன வயசுல லீவுக்கு போனா அவரு படகுல ஏரிக்குள்ள கூட்டிட்டு போவாரு, அங்க மார்கழி தை மாசத்துல மூங்கில் கழி மேல இது ஒக்காந்து மீனைப் பிச்சுக்கிட்டு இருக்கும். பெரியப்பா இதுக்கு தனியா பேரெல்லாம் சொல்ல மாட்டாரு, பருந்துன்னுதான் சொல்லுவாரு. ஆனா ஒண்ணு சொன்னாரு, அதை நான் மறக்கவே இல்ல: "மத்த பருந்து மீனை குறுக்கால தூக்கிட்டு போவும்மா, இவன் மட்டும் நேரா, தலை முன்னாடி வால் பின்னாடி வெச்சு தூக்குவான், காத்து தடுக்காதுல்ல". அது உண்மைதான். வெளிப்பக்கத்து விரலை இது பின்னாடியும் திருப்பிக்கும், அதனால முன்னாடி ரெண்டு விரல் பின்னாடி ரெண்டு விரல்னு புடிச்சு மீனை நேரா திருப்பி வெச்சுக்கும். அடிப்பாதம் பூரா முள்ளு முள்ளா இருக்கும், வழுக்கற மீனு நழுவாது. முங்கும்போது மூக்குத் துவாரத்தை மூடிக்கும். இதுக்கு சாப்பாடுன்னா மீனு மட்டும்தான், கிட்டத்தட்ட வேற எதையும் தொடாது. ஆனா பழவேற்காட்டுல அது தூக்கறது மடவைதான், உப்புத்தண்ணில விரால் எங்க வரும். பேரு வெச்ச மகராசன் ஏதோ நல்லதண்ணி ஏரிக்கரைல நின்னிருக்கணும்.

நம்ம ஊருக்கு வர்றது குளிர்காலத்துக்கு மட்டும், வடக்கே ரொம்ப தூரத்துல குஞ்சு பொரிச்சுட்டு நம்மகிட்ட சாப்ட வருது. அதனால கூட்டை நான் பாத்ததே இல்ல. அயர்லாந்து வந்தப்போ, ஆஹா, வடக்கே வந்துட்டோம், இங்கதானே கூடு கட்டும்னு நெனச்சேன். வந்து விசாரிச்சா இங்க இல்லவே இல்லைங்கறாங்க. ஸ்காட்லாந்துல இருக்கு, நார்வே ஸ்வீடன்ல நிறைய இருக்கு, அயர்லாந்துல அப்போ 150 வருஷத்துக்கு மேல ஒரு கூடு இல்ல. எனக்கு இது புரியவே இல்ல. தண்ணி இல்லாத ஊரா இது? எங்க திரும்பினாலும் ஏரி, ஆறு, மழை. மீனு இல்லையா? இருக்கு. அப்புறம் என்ன கேடு?

முன்னாடி இருந்திருக்கு. 1185-ல இளவரசர் ஜான் கூட அயர்லாந்து வந்த ஜெரால்டு ஆஃப் வேல்ஸ்னு ஒரு பாதிரியார், இங்க பாத்ததை எல்லாம் எழுதி வெச்சாரு, அதுல இந்தப் பறவையும் வருது. என்ன எழுதிருக்காரு தெரியுமா, இதுக்கு ஒரு காலு நகத்தோட இருக்கும், இன்னொரு காலு வாத்துக் காலு மாதிரி சவ்வோட இருக்கும், ஒண்ணால நீந்தும் ஒண்ணால புடிக்கும்னு. கையில புடிச்சு பாத்திருந்தா இப்படி எழுதிருக்க மாட்டாரு. ஆனா பாருங்க, 800 வருஷத்துக்கு முன்னாடி இது இங்க மீன் புடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்கறதுக்கு அந்தக் கதையும் ஒரு சாட்சி.

அப்புறம் மனுஷங்கதான் காரணம், வேற யாரு. மீன் வளக்கறவங்க சுட்டாங்க, சும்மா சுட்டவங்களும் சுட்டாங்க, முட்டை சேக்கறவங்க முட்டையை எடுத்தாங்க, பாடம் பண்ணி கண்ணாடிப் பெட்டில வெக்கறவங்க தோலை எடுத்தாங்க. அரிதா ஆக ஆக வெலை ஏறும், வெலை ஏற ஏற இன்னும் அரிதாகும், இந்தக் கணக்கு நமக்கு புதுசா என்ன.

ஸ்காட்லாந்துல நடந்ததை விவரமா எழுதி வெச்சிருக்காங்க, அதைப் படிச்சா வயிறு எரியும். அங்க லாக் அன் எய்லன்னு ஒரு ஏரி, பேருக்கே தீவு இருக்கற ஏரின்னு அர்த்தம். அந்த குட்டித் தீவுல ஒரு இடிஞ்ச கோட்டை, அந்த கோட்டை மேல இதுங்க கூடு. 1850 வாக்குல லூயிஸ் டன்பார்னு ஒரு ஆளு, ராத்திரில, பனி கொட்டற நேரத்துல, அந்த ஏரியை நீந்திப் போயி முட்டையை எடுத்துட்டு நீந்தியே திரும்பிருக்கான். ஸ்காட்லாந்துல, பனில! நான் இங்க ஜூலைல கடல்ல முழங்கால் வரைக்கும் எறங்கினதுக்கே ரெண்டு நாள் மூக்கு ஒழுகுச்சு. அவ்ளோ வெறி. 1900 வாக்குல அந்த கோட்டைக்கு பறவை வர்றதே நின்னு போச்சு. 1916-க்கு அப்புறம் ஸ்காட்லாந்துலயே கூடு இல்ல.

ஆனா 1954-ல ஒரு ஜோடி தானா வந்து, லாக் கார்டன்ங்கற ஏரி பக்கம் குஞ்சு பொரிச்சுது. மறுபடி திருடன். 1958-ல, பறவைச் சங்கத்துக்காரங்க கூட்டுக்கு காவல் போட்டு ராத்திரி பகலா ஒக்காந்திருக்காங்க, அப்பவும் ஒருத்தன் இருட்டுல மரத்துல ஏறிட்டான். துரத்தும்போது முட்டை கீழ விழுந்து ஒடைஞ்சு போச்சு. காலைல கூட்டுல ஏறிப் பாத்தா முட்டை இருக்கு! என்னடான்னு பாத்தா அது கோழி முட்டை, மேல பிரவுன் கலர் பூட் பாலிஷ் தடவி வெச்சிருக்கான் பாவி. அடுத்த வருஷம் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன்னு அந்தச் சங்கத்து ஆளு நேர் எதிரா ஒரு முடிவு எடுத்தாரு, ஒளிச்சு வெச்சாதானே திருடறான், ஊரையே கூப்டு காட்டுவோம்னு. 1959-ல மட்டும் 14,000 பேரு வந்து பாத்துட்டு போனாங்க. அத்தனை கண்ணு பாத்துக்கிட்டு இருந்தா எவன் மரம் ஏறுவான்?

சரி அயர்லாந்துக்கு வரேன். 2023 ஜூலைல இங்க அரசாங்கத்தோட நேஷனல் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் சர்வீஸ் நார்வேலருந்து 10 குஞ்சைக் கொண்டு வந்தாங்க. அஞ்சு வருஷத்துல 50-லருந்து 70 வரைக்கும் கொண்டு வர்றதா பிளான். எந்த இடத்துல விட்டாங்கன்னு சரியா சொல்லல, சொல்லவும் கூடாது, பூட் பாலிஷ் கதைக்கு அப்புறம் அதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது அவங்க செய்யற விதம்தான், இங்கிலாந்துல ரட்லண்ட் வாட்டர்ங்கற ஏரில 1996-லயே, ராய் டென்னிஸ்னு ஒரு பறவை நிபுணர் கூட சேந்து அங்க இருக்கறவங்க பண்ணி காட்டின முறை. பெரிய பறவையை புடிச்சிட்டு வந்து பிரயோஜனம் இல்ல, அது எங்க விட்டாலும் பழைய ஊருக்கே ஓடிடும். அதனால அஞ்சாறு வாரக் குஞ்சு, இன்னும் பறக்கத் தெரியாதது, அதைத்தான் எடுக்கறாங்க, அதுவும் கூட்டுல ஒண்ணுக்கு மேல குஞ்சு இருந்தா மட்டும், அப்பா அம்மாவுக்கு ஒண்ணு மிச்சம் வெச்சுட்டு. கொண்டு வந்து உசரத்துல மரக்கூண்டுக்குள்ள சுள்ளி பரப்பி கூடு மாதிரி வெச்சு, முன்பக்கம் கம்பி வழியா ஏரியோ கழிமுகமோ முழுசா தெரியற மாதிரி வெச்சிடுவாங்க. மீனை துண்டு போட்டு பின்னாடி ஒரு ஓட்டை வழியா உள்ள தள்ளுவாங்க, மனுஷ மூஞ்சியை அது பாக்கவே கூடாது, பாத்தா சோறு போடறவன் இவன்தான்னு பழகிடும். இப்படி ரெண்டு மூணு வாரம் அந்த குஞ்சு நாள் பூரா முன்னாடி இருக்கற தண்ணி, மலை, வானம் இதையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும். ஒரு நாள் விடியக்காலைல முன்கதவை சத்தமில்லாம திறந்துடுவாங்க.

அவ்ளோதான். எங்கருந்து முதல் முதலா பறந்து எழும்புதோ அதுதான் அதுக்கு ஊரு. முட்டை பொரிஞ்ச எடம் கணக்குல வராது. ஆண் பறவைங்க பெருசானதும் முக்காவாசி அந்த எடத்துக்கு பக்கத்துலயேதான் கூடு கட்ட எடம் தேடும்.

நான் இதை வீட்ல சொன்னதும் பாப்பா கேட்டா, "அப்போ அது நார்வேஜியனா ஐரிஷா?" எட்டு வயசு, இங்கயே பொறந்தவ, ஸ்கூல்ல எல்லாரும் நீ ரியலா எங்கருந்து வரேன்னு கேக்கறாங்கன்னு அப்பப்போ மூஞ்சியைத் தூக்கிட்டு வருவா. நான் பதில் யோசிக்கறதுக்குள்ள இவரு டிவியைப் பாத்துக்கிட்டே, "அதைக் கேட்டா மீனுன்னு சொல்லும்"னாரு. பேச்சு அதோட முடிஞ்சுது.

விவசாயிங்க சும்மா விட்டாங்களான்னு கேப்பீங்க. 2007-ல இதே மாதிரி நார்வேலருந்து வெள்ளைவால் கடல்கழுகு கொண்டு வந்தாங்க, கில்லார்னி பக்கம், 2011 வரைக்கும் 100 குஞ்சு. முதல் பேட்ச் வந்து எறங்கினப்போ கெர்ரி ஏர்போர்ட்டுலயே விவசாயிங்க போர்டு புடிச்சுக்கிட்டு நின்னாங்க, ஆட்டுக்குட்டியைத் தூக்கும்னு பயம். நரிக்கு வெச்ச விஷக்கறியைத் தின்னு நிறைய கழுகு செத்துச்சு. அப்படியும் 2013-ல மவுண்ட்ஷானன்கிட்ட ஒரு கூட்டுலருந்து குஞ்சு பறந்துச்சு. ஆடு வளக்கறவனுக்கு அந்த பயம் வர்றது நியாயம்தான், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நம்ம விராலடிப்பானுக்கு அந்தப் பிரச்சனையே இல்ல, ஆட்டுக்குட்டி மேலயே ஒக்காந்தாலும் அது தண்ணியைத்தான் பாக்கும்.

இப்போ கதைல ஒரு ட்விஸ்ட். குஞ்சு வந்த அடுத்த மாசமே, 2023 ஆகஸ்ட்ல, வடக்கே ஃபெர்மானால ஒரு ஜோடி தானாவே கூடு கட்டி குஞ்சு பொரிச்சிருக்குன்னு அல்ஸ்டர் வைல்ட்லைஃப் அமைப்பு சொன்னாங்க. 2021-லருந்தே அந்த ஜோடியைப் பாத்துக்கிட்டு மூச்சு விடாம இருந்திருக்காங்க. ஃபெர்மானா அரசியல் கணக்குல யுகே, ஆனா தீவு ஒண்ணுதானே. இங்க ஆபீஸ்காரங்க அத்தனை பேப்பர் போட்டு, நார்வே அரசாங்கத்துகிட்ட பேசி, ஃபிளைட் புக் பண்ணி கொண்டு வந்து எறக்கினா, அங்க ரெண்டு பேரு விசா கூட இல்லாம வந்து குடும்பமே நடத்திக்கிட்டு இருக்காங்க.

உடனே எங்க வார்டுல ஒரு ஐரிஷ் அக்கா, பறவை ஆர்வம் ஜாஸ்தி அவங்களுக்கு, "பாத்தியா, தானா வர்றதை எதுக்கு காசு செலவு பண்ணி கூட்டிட்டு வரணும்"னாங்க. எனக்கும் கொஞ்ச நாள் அந்த சந்தேகம் இருந்துச்சு, பொய் சொல்லல. அப்புறம் உக்காந்து வருஷத்தை எண்ணிப் பாத்தேன். ஸ்காட்லாந்துக்கு 1954-ல வந்த பறவை, தானா பரவி பக்கத்துல இங்கிலாந்து வடக்குல பாஸன்த்வெய்ட் ஏரிக்கு வந்து குஞ்சு பொரிச்சது 2001-ல, அதுவும் மனுஷங்க மேடை கட்டிக் குடுத்து. 47 வருஷம்! ஆண் பறவை பெரும்பாலும் தான் முதல்ல பறந்த எடத்தை விட்டு நகராதே, அதான் காரணம். ஏற்கனவே கூடு இருக்கற எடத்து பக்கத்துலதான் புதுசா கட்டும். நம்ம ஆளுங்க எல்லாம் ஒரே ஏரியால வீடு வாங்கற மாதிரி. அதே 2001-ல ரட்லண்ட்ல, மனுஷன் கொண்டு வந்து விட்ட பறவை குஞ்சு பொரிச்சாச்சு, ஆரம்பிச்சு அஞ்சே வருஷம். 64 குஞ்சு கொண்டு வந்திருந்தாங்க. அதுல 1998-ல வந்த ஒரு ஆண், ரட்லண்ட்ல தங்காம 2004-ல வேல்ஸ் போயி கிளாஸ்லின்ல கூடு கட்டிடுச்சு, வேல்ஸ்ல பறவை திரும்பினதே அந்தப் பக்கத்துலருந்துதான். அதனால ஃபெர்மானா ஜோடிக்கு ஒரு கும்புடு, ஆனா அது ஒண்ணை வெச்சுக்கிட்டு வாட்டர்ஃபோர்டுக்கு பறவை வர என் பேத்தி காலம் ஆயிடும். ரெண்டும் வேணும்ங்கறதுதான் என் கட்சி. அந்த அக்கா இன்னும் ஒத்துக்கல.

இதுல நெஞ்சு அடைக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. பறக்க ஆரம்பிச்ச அஞ்சாறு வாரத்துல அது கெளம்பணும். வழி சொல்ல யாரும் கிடையாது. கூட்டுல பெத்தவங்களோட வளந்த குஞ்சுக்கும் அப்படித்தான், அம்மா முன்னாடியே கெளம்பிடும், அப்பாவும் தனியா, குஞ்சும் தனித்தனியா. மூணு மாசக் குஞ்சு, மீனே இப்பதான் புடிக்கக் கத்துக்கிட்டு இருக்கு, அது இந்தத் தீவோட தெக்கு ஓரத்துலருந்து எழும்பினா ஸ்பெயின் வரைக்கும் கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர் வெறும் கடல். உக்கார ஒரு கல்லு கெடையாது. கப்பல் வந்தா உண்டு. அதுக்கப்புறம் மொராக்கோ, சஹாரா, அதையும் தாண்டி செனகல், காம்பியா. மொத்தம் 4,000 கிலோமீட்டருக்கு மேல. போற குஞ்சுல பாதிக்கு மேல திரும்பறதில்ல. பொழைச்சது அங்கயே ரெண்டு வருஷம் போல இருந்து பெருசாகி, அப்புறம் ஒரு வசந்தகாலத்துல வடக்கே கெளம்பி, தான் முதல்ல பறந்த அந்த ஏரியைத் தேடி வரும். ரெண்டு மூணு வாரம் கம்பி வழியா பாத்த அந்த ஏரி.

இதனாலதான் நான் அந்த பத்து குஞ்சைப் பத்தி பேப்பர்ல படிச்சப்போ பெருசா கை தட்டல. கொண்டு வர்றது சுலபம்னு சொல்லல, ஆனா வேலையே அப்புறம்தான் ஆரம்பிக்குது, அதை யாரும் பண்ண முடியாது, அதுங்கதான் பண்ணணும். நார்வே, நார்வேன்னு எல்லாரும் பேசறாங்க, செனகல்ல கடலோரமா மீன் புடிக்கறவங்க இந்தக் குஞ்சுங்களை சும்மா விடறதுல இருக்கு பாதி விஷயம், அவங்களைப் பத்தி ஒரு வரி இல்ல. பெரியப்பா மூங்கில் கழியைப் புடுங்கி அதைத் துரத்திருந்தா? துரத்தல. வலைல மாட்டின மடவையை அது பாத்தாக்கூட "போவுது, அதுவும் வயித்துக்குத்தானே"ன்னுட்டு பீடியைப் பத்த வெப்பாரு. நம்ம ஏரிக்கு வர்றது எந்த நாட்டுக்காரன் கூட்டுப் பறவையோ, அந்த நாட்டுல யாராவது அதுக்கு இப்படி காத்துக்கிட்டு இருந்திருப்பாங்கன்னு அப்போ எனக்கு தோணவே இல்ல.

டங்கார்வன்ல நான் பாத்தது இங்க விட்ட குஞ்சா, இல்ல ஸ்காட்லாந்துலருந்து போற வழில எறங்கினதான்னு எனக்கு சொல்லத் தெரியல. கால்ல வளையம் இருந்துச்சான்னு பாக்கறதுக்குள்ள போயிடுச்சு. அந்த உதறலை மட்டும்தான் பாத்தேன்.

2023-ல போன குஞ்சுங்க பொழைச்சிருந்தா வசந்தத்துல திரும்பற வயசு. நான் இப்பவே ஏப்ரல்ல ஒரு வாரம் லீவு எழுதிக் குடுத்துட்டேன், டூட்டி லிஸ்ட் போடறவங்க இவ்ளோ முன்னாடியே எதுக்கு, என்ன விசேஷம்னு கேட்டாங்க. ஊர்லருந்து ஆளு வர்றாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். எத்தனை பேருன்னு கேட்டாங்க, இன்னும் தெரியலன்னேன். பாப்பாவை இந்த தடவை எழுப்பிடுவேன்.